அன்றாடச் செலவும் பாங்கி அட்டையின் முடக்கமும்

சென்ற மாதம் ஒருநாள் மாலை, நெசவாளர் அங்கத்தினர் ஒருவர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். பாவும் ஊடையும் பெற்றுக்கொண்டு, பதிவேட்டில் கையெழுத்திட்ட பின்னரும் போக மனமில்லாதவராய்ச் சற்று நின்றார். பிறகு தயங்கியபடியே ஒரு கேள்வி கேட்டார்: “மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் அடிக்கடி அட்டையைக் கொடுத்தால் பாங்கியில் அதை முடக்கிவிடுவார்களாமே, மெய்தானா?”

அருகிலிருந்தவர்கள் நகைத்தனர். அவர் நகைக்கவில்லை. நாமும் நகைப்பதற்கில்லை. நெய்த கூலி இப்பொழுது கையில் எண்ணிக் கொடுக்கப்படுவதில்லை. அவரவர் பாங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. கரும்புக்கும் நெல்லுக்கும் உரிய தொகையும் அவ்வாறே வந்து சேருகிறது. அட்டை நின்றால் அடுப்பு நிற்கும் என்ற நிலையிலுள்ள குடும்பத்துக்கு இக்கேள்வி சிறியதன்று. விசாரித்ததில், அவர் மூன்று மாத காலமாகவே வாரக் கூலி வரவான அன்றே அதனை முழுவதும் ரொக்கமாக எடுத்து, வீட்டு டிரங்குப் பெட்டியில் வைத்து வருவதாகத் தெரிந்தது. கடைகளில் அட்டையைக் காட்டுவதை அறவே விட்டுவிட்டார். அவருடைய அச்சத்துக்கு வேறொரு பின்விளைவும் ஏற்பட்டிருந்தது. அதை அவர் கடைசியில்தான் சொன்னார். நாமும் அதை அதன் இடத்தில் சொல்வோம்.

வதந்தியின் மூலம் எது என்று தேடியபோது, அவருடைய தெருவிலேயே குடியிருக்கும் விவசாய அங்கத்தினர் ஒருவரிடம் போய் முடிந்தது. அவர் கரும்புப் பணம் வந்த கையோடு, கிணற்றுக்கு மோட்டார் பம்பு வாங்கக் கோயம்புத்தூருக்குச் சென்றிருந்தார். வழியில் இரண்டு இடங்களில் சிற்றுண்டி அருந்தி, அட்டையைக் காட்டித் தொகை செலுத்தினார். பம்புக் கடையில் ரூ. 62,500-க்குப் பில் போட்டபோது அட்டை ஏற்கப்படவில்லை. மீண்டும் முயன்றார், மீண்டும் மறுப்பு. “இட்லிக்கும் காப்பிக்கும் அட்டையைக் காட்டியதால் பாங்கிக்காரன் முடக்கிவிட்டான்” என்று ஊர் திரும்பியதும் சொன்னார். தெரு முழுவதும் அதை நம்பியது. அவர் சொன்னது தவறு. ஆனால் அவர் ஏன் அப்படி எண்ணினார் என்பது நமக்கு விளங்காமலில்லை. யந்திரம் மறுக்குமேயொழியக் காரணத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. காரணம் சொல்லப்படாத இடத்தில் மனிதன் தானே ஒன்றைக் கற்பித்துக்கொள்ளுகிறான்.

அட்டையைக் கடையிலுள்ள யந்திரத்தில் செருகியதும் என்ன நிகழ்கிறது என்பதை அங்கத்தினர்கள் முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். கடைக்காரரின் யந்திரம் அவருடைய பாங்கிக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புகிறது. அப்பாங்கி அதனை ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற ஓர் இணைப்பு நிலையத்துக்கு அனுப்புகிறது. அந்நிலையம் அட்டை கொடுத்த நம் பாங்கியிடம் அதைச் சேர்ப்பிக்கிறது. நம் பாங்கியின் யந்திரம் சில கேள்விகளைத் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளுகிறது. இவ்வட்டை காலாவதியாகாததுதானா? ரகசிய எண் சரியா? கணக்கில் பணம் உண்டா? இன்றைய எல்லைக்குள் அடங்குகிறதா? இவ்வகைச் செலவுக்கு அங்கத்தினர் அனுமதி கொடுத்திருக்கிறாரா? இவையனைத்தும் தேறிய பின்னர் இன்னொரு கேள்வியும் உண்டு: இவ்வட்டையை நீட்டுகிறவர் அட்டைக்குரியவர்தானா, அல்லது வேறொருவரா? விடை அதே வழியாகத் திரும்பிக் கடைக்கு வந்து சேருகிறது. இத்தனையும் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

கடைசியாகச் சொன்ன கேள்வியிலேதான் அன்றாடச் செலவு பற்றிய சந்தேகம் எழுகிறது. 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டத்தின்கீழ் கிராமங்களில் சங்கங்கள் அமைந்தபோது, ஒருவரையொருவர் நன்கறிந்தவர்களே அங்கத்தினராயிருத்தல் அவற்றின் அடிப்படையாயிருந்தது. காரியதரிசிக்கு ஒவ்வொரு குடும்பத்தின் நடப்பும் தெரியும். ஐப்பசியில் ஒருவர் வழக்கத்தைவிட மூன்று பங்கு கேட்டால், ‘தீபாவளி, தலைப் பிள்ளைக்கும் மருமகனுக்கும் துணியெடுக்க வேண்டும்’ என்று அவருக்கே தெரியும், கேட்கவேண்டியதில்லை. பாங்கியின் யந்திரத்துக்கு நம்முடைய ஐப்பசியும் தெரியாது, மருமகனும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே: இவ்வட்டை இதுவரை எந்த ஊர்களில், எவ்வகைக் கடைகளில், எந்த நேரத்தில், எவ்வளவு தொகைக்குப் பயன்பட்டு வந்தது என்பது. அதாவது, நம் பழக்கமே அதற்கு நம் முகம்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். தினமும் மளிகைக்கும் மருந்துக்கும் பஸ் கட்டணத்துக்கும் அட்டையை உபயோகிக்கிறவரை யந்திரம் நன்கு அறிந்துகொள்ளுகிறது. ஆண்டு முழுவதும் அட்டையைப் பெட்டியில் வைத்திருந்து, ஒரே நாளில் வெளியூரில் பெருந்தொகைக்கு நீட்டுகிறவரையே அது அதிகம் ஐயுறக்கூடும். நெசவாளருக்கும் விவசாயிக்கும் இங்கேதான் சங்கடம். நமது வரவும் செலவும் மாதச் சம்பளக்காரரைப்போல் சீராக ஓடுவதில்லை. விதைப்புக் காலத்தில் ஒருங்கே செலவு, அறுவடையில் ஒருங்கே வரவு, இடையில் மௌனம். நம் தொழிலின் இயல்பான நடையே யந்திரத்தின் கண்ணுக்குப் புதுமையாகத் தோன்றலாம். அதற்குப் பரிகாரம் அட்டையை ஒளித்துவைப்பதன்று. டிரங்குப் பெட்டியை நம்பிய நம் அங்கத்தினர் செய்தது நேர் எதிரான காரியம்.

சிறு தொகைகள் ஒருக்காலும் சந்தேகத்துக்கு இடமாகா என்று சொல்வதற்கும் இல்லை. அட்டையின் விவரங்களைத் திருடியவன் அது உயிருள்ளதா என்றறிய முதலில் மிகச் சிறிய தொகைக்கு ஏதாவது வாங்கிப் பார்ப்பான். அது தேறினால் உடனே பெருந்தொகைக்குப் பாய்வான். ஆகவே, பழக்கமில்லாத இடத்தில் அற்பத் தொகைகள் அடுத்தடுத்து விழுந்து, உடன் பெருந்தொகை வருவது யந்திரங்கள் கவனிக்கும் அடையாளங்களில் ஒன்று. அதேபோல், சற்று முன் ஓர் ஊரில் பயன்பட்ட அட்டை, மனிதன் பிரயாணம் செய்து சேரமுடியாத நேரத்துக்குள் தொலைதூர ஊரில் தோன்றினாலும் ஐயம் பிறக்கும். எந்த அளவில் நிறுத்துவது என்ற கணக்கை ஒவ்வொரு பாங்கியும் தன்னளவில் வைத்துக்கொள்ளுகிறது. திருடனுக்குத் தெரிந்துவிடும் என்பதால் வெளியிடுவதில்லை. ஐயத்தால் நிறுத்தப்பட்டாலும், பாங்கி குறுஞ்செய்தியாலோ டெலிபோனாலோ ‘இச்செலவைச் செய்தது தாங்கள்தானா?’ என்று கேட்டு, ஆம் என்றால் விடுவித்துவிடும். இது அபராதமன்று, வாசற்காவலன் ‘யார்’ என்று கேட்பதைப் போன்றது.

கோயம்புத்தூரில் நடந்தது இதுதானா? விவசாய அங்கத்தினரை அழைத்து விசாரித்தோம். நல்ல வேளையாக, அவர் எந்தச் சீட்டையும் எறிகிற பழக்கமில்லாதவர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். மங்கியிருந்தாலும் அதில் இரண்டிலக்க எண் ஒன்று தெளிவாயிருந்தது: 61.

இவ்வெண்களைப் பற்றி எந்தக் கடைக்காரரும் நமக்குச் சொல்வதில்லை. பாதிக் கடைக்காரர்களுக்குத் தெரியவும் தெரியாது. பாங்கி யந்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்ளுவதற்கு உலகெங்கும் வழங்கும் ஐ.எஸ்.ஓ. 8583 என்ற ஏற்பாடு 1987-இல் முதலில் வெளியாயிற்று. மறுப்புக்குக் காரணம் அதன்படியே இரண்டிலக்க எண்ணாகத் திரும்பி வருகிறது. சில யந்திரங்கள் அவ்வெண்ணைச் சீட்டில் அச்சிடுகின்றன. சில, திரையில் மட்டும் காட்டுகின்றன. சில, சுருக்கமாக ஓர் ஆங்கிலச் சொல்லைக் காட்டி நின்றுவிடுகின்றன. மறுப்பு வந்தால், ‘என்ன எண் காட்டுகிறது?’ என்று கடைக்காரரிடம் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

51 என்றால் கணக்கில் போதிய பணம் இல்லை. 54 என்றால் அட்டையின் காலம் முடிந்தது. அட்டையின் முகப்பில் மாதமும் ஆண்டும் அச்சிட்டிருப்பதைப் பலர் பார்ப்பதேயில்லை. 55 என்றால் ரகசிய எண் தவறு. இதைக் கண்டதும் பதற்றத்தில் வேறு வேறு எண்களைத் தட்டிப் பார்க்கலாகாது. தவறிய முயற்சிகள் அளவை மீறினால் 75 என்று வரும், அட்டையும் நின்றுவிடும். பெரும்பாலான பாங்கிகளில் மூன்று முறை என்பது வழக்கம். அநேக இடங்களில் மறுநாள் தானே விடுபடும். இல்லையேல் புதிய ரகசிய எண் அமைத்துக்கொள்ள வேண்டும். நாமறிய, ‘என் அட்டையை முடக்கிவிட்டார்கள்’ என்று வந்தவர்களில் பலர் தாமே தம் விரலால் முடக்கியவர்கள். ரகசிய எண்ணை அட்டை உறையிலேயே எழுதிவைப்பவர் மறப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் அவர் பர்சைத் தொலைத்தால் திருடனும் மறக்கமாட்டான்.

61 என்றால் ஒரு நாளைக்குரிய தொகை எல்லை கடந்தது. 65 என்றால் தொகையன்று, தடவைகளின் எண்ணிக்கை எல்லை கடந்தது. யந்திரத்தில் ரொக்கம் எடுப்பதற்கு ஓர் எல்லையும், கடையில் வாங்குவதற்கு வேறோர் எல்லையும் உண்டு. அட்டையின் வகைக்கேற்ப இவை மாறுபடும். நம் விவசாய அங்கத்தினரின் அட்டைக்குக் கடை எல்லை நாளொன்றுக்கு ரூ. 50,000. பம்பின் விலை ரூ. 62,500. ஆகவே மறுப்பு. இட்லியும் காப்பியும் நிரபராதிகள்! பாங்கியின் கைப்பேசிச் செயலியில் எல்லையை உயர்த்தியிருந்தாலோ, ரூ. 50,000-க்குக் குறைவாக முதல் நாள் செலுத்தி மீதியை மறுநாள் செலுத்தியிருந்தாலோ காரியம் முடிந்திருக்கும். அவர் பம்பு வாங்காமலே திரும்பி, பத்து நாள் கழித்து ரொக்கத்தோடு மறுபடியும் போனார். அப்பத்து நாளில் காய்ந்த பயிருக்கு யார் பொறுப்பு என்று அவர் கேட்டபோது நமக்குப் பதில் இல்லை. எல்லை இன்னது என்று பாங்கி ஒரு வரி தமிழில் எழுதி அட்டையோடு கொடுத்திருக்கலாம் என்றே தோன்றிற்று.

57 என்பது சற்று விளக்கம் வேண்டும் எண். இவ்வகைச் செலவுக்கு அட்டைக்கு அனுமதியில்லை என்பது அதன் பொருள். ரிசர்வ் பாங்கி 2020 ஜனவரியில் வெளியிட்டு, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, புதிதாகக் கொடுக்கப்படும் அட்டை உள்நாட்டுப் பண யந்திரங்களிலும் கடை யந்திரங்களிலும் மட்டுமே செல்லும். இணையத்தில் வாங்குவதற்கும், தொட்டுக் காட்டிச் செலுத்துவதற்கும், வெளிநாட்டில் உபயோகிப்பதற்கும் அட்டைக்குரியவரே அனுமதியைத் திறந்துவிட வேண்டும். மகனின் தேர்வுக் கட்டணத்தை இணையத்தில் செலுத்த முயன்று, மறுக்கப்பட்டு, அட்டை முடங்கியதென்று அஞ்சியவர்கள் உண்டு. முடங்கவில்லை, அக்கதவு தொடக்கத்திலிருந்தே தாழிட்டிருந்தது. செயலியிலோ, பண யந்திரத்திலோ, கிளையிலோ அதைத் திறக்கலாம். வேலை முடிந்ததும் மூடியும் வைக்கலாம். தொட்டுக் காட்டும் முறையில் ரூ. 5,000 வரை ரகசிய எண் இல்லாமலே செல்லும்படி 2021 ஜனவரி 1 முதல் எல்லை உயர்த்தப்பட்டிருப்பதால், அவ்வனுமதியைத் திறந்துவைத்திருப்பவர் அட்டையைக் கண்ட இடத்தில் வைக்கலாகாது.

91 என்றால் நம் பாங்கியின் யந்திரம் அந்நேரத்தில் பதில் சொல்லவில்லை, குற்றம் நம்முடையதன்று. 05 என்பது மட்டும் ஊமை எண். காரணம் கூறாமல் மறுப்பதற்கு அதுவே வழங்குகிறது. பாங்கியை நேரில் கேட்டால்தான் தெரியும். உண்மையாக நிறுத்திவைக்கப்பட்ட அட்டைக்கு 62 வரும். 41 என்றும் 43 என்றும் வந்தால், அட்டை தொலைந்ததாகவோ திருடப்பட்டதாகவோ பாங்கியில் பதிவாகியிருக்கிறது என்று பொருள்.

சில சமயம், கடையில் மறுப்பு என்று காட்டிவிட்டுக் கணக்கில் தொகை கழிந்துவிடுவதுண்டு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி இதற்குத் தவணை வகுத்தது. பண யந்திரத்தில் ரொக்கம் வராமல் கணக்கில் கழிந்தாலும், கடையில் உறுதிச் சீட்டு வராமல் கழிந்தாலும், அந்நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் தொகை தானே திரும்பி வரவாக வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ. 100 வீதம் பாங்கி ஈடு கொடுக்கவேண்டும். அங்கத்தினர் கேட்காவிட்டாலும் கொடுக்கவேண்டும்.

இனி, அன்றாட வரவு செலவே கணக்கை மெய்யாகவே நிறுத்திவைக்கும் ஓர் இடம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அடையாள ஆவணம் எதுவும் இல்லாதவர்கள், பாங்கி அதிகாரியின் முன்னிலையில் புகைப்படமும் கையெழுத்தோ கைநாட்டோ மட்டும் கொடுத்துத் தொடங்கிய கணக்குகள் ‘சிறு கணக்கு’ எனப்படும். அதில் எந்நேரத்திலும் இருப்பு ரூ. 50,000-க்கு மேற்படலாகாது. நிதியாண்டில் மொத்த வரவு ரூ. 1 லட்சத்துக்கு மேற்படலாகாது. ஒரு மாதத்தில் எடுக்கும் தொகை ரூ. 10,000-க்கு மேற்படலாகாது. வாரம் ரூ. 2,600 கூலி பெறும் நெசவாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நான்கு வாரத்துக்கு ரூ. 10,400. அவர் தம் கூலி முழுவதையும் எடுத்தால் மாதக் கடைசியில் எல்லை தட்டும். ஏப்ரலிலிருந்து எண்ணினால், 38 வாரத்தில் வரவு ரூ. 98,800, 39-ஆவது வாரக் கூலி எல்லையைக் கடக்கும். அந்த வாரம் மார்கழியில் விழுகிறது. பொங்கல் செலவு வாசலில் நிற்கும்போது கணக்கு கதவைச் சாத்திக்கொள்ளும். அரசாங்க மானியம், நலத்திட்டத் தொகை, கொள்முதல் தொகை ஆகியவற்றுக்கு இருப்பு எல்லையில் விலக்கு உண்டு. ஆனால் கூலி அவ்விலக்கில் சேராது.

இக்கணக்கு பன்னிரண்டு மாதத்துக்கே உரியது; ஆவணத்துக்கு விண்ணப்பித்ததற்கு ஆதாரம் காட்டினால் இன்னும் பன்னிரண்டு மாதம் நீளும். தம் கணக்கு எவ்வகை என்று ஐயமுள்ள அங்கத்தினர்கள் பாஸ் புத்தகத்தோடு கிளைக்குச் சென்று கேட்டறிய வேண்டும். ஆதார், வாக்காளர் அட்டை போன்ற ஒன்றைக் கொடுத்துச் சாதாரணக் கணக்காக மாற்றிக்கொண்டால் மேற்கண்ட எல்லைகள் நீங்கும்.

சாதாரணக் கணக்கிலும் விவரங்களைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். பாங்கி ஒருவரை எவ்வளவு இடரானவராகக் கருதுகிறதோ அதற்கேற்ப இரண்டு, எட்டு அல்லது பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை என்பது கணக்கு. நம்மில் பெரும்பாலோர் பத்தாண்டு வகுப்பினர். விவரத்தில் மாற்றமில்லையேல், மாற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தாலே போதும். கட்டுக் கட்டாக நகல்கள் வேண்டியதில்லை. இரண்டு ஆண்டு தாமாக எதுவும் எடுக்காமலும் போடாமலும் விட்ட கணக்கு செயலற்றதாகும். அதை மீண்டும் உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கலாகாது என்றும், அதில் குறைந்த இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கலாகாது என்றும் 2024 ஏப்ரல் 1 முதல் விதி உண்டு.

இன்னொரு முடக்கம் செலவால் வருவதன்று, வரவால் வருவது. கைப்பேசியில் படம் காட்டி அயலூராருக்குச் சேலை விற்கும் நெசவாளரும், மஞ்சளையும் வாழைத்தாரையும் நேரே விற்கும் விவசாயியும் இதை அறிந்திருக்க வேண்டும். வாங்கியவன் அனுப்பிய பணம் எங்கோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்ததாயிருந்தால், புகாரின் பேரில் போலீசார் பணம் சென்ற தடத்தைப் பின்பற்றி, அது நுழைந்த கணக்குகளை நிறுத்தும்படி பாங்கிகளுக்கு எழுதுகிறார்கள். விற்றவர் நிரபராதியாயினும் அவர் கணக்கும் அதில் அகப்படுகிறது. வழக்குக்குரிய தொகையை விட்டு முழுக் கணக்கையும் முடக்குவது பொருந்தாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-லும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும் கூறியுள்ளன. அகப்பட்டவர் செய்யவேண்டியது, எந்த ஊர்ப் போலீசார், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்பவற்றைப் பாங்கியிடம் கேட்டு வாங்கி, விற்பனைக்குரிய சான்றுகளோடு எழுதிக் கேட்பதே. பில் புத்தகமும் பார்சல் ரசீதும் அன்று பேசும். வாயால் விற்றதற்குச் சாட்சி கிடையாது.

இப்பொழுது டிரங்குப் பெட்டி அங்கத்தினரிடம் திரும்புவோம். கோயம்புத்தூர்க் கதையைக் கேட்டது முதல் அவர் மனத்தில் அச்சம் குடிகொண்டிருந்தது. வாரக் கூலியை எடுத்துவந்தாரேயொழிய, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த ரூ. 18,400-ஐக் கணக்கிலேயே விட்டிருந்தார். ஒரு நாள் முற்பகல் அவருக்கு டெலிபோன் வந்தது. பேசியவன் பாங்கியின் பெயரைச் சொன்னான், மரியாதையாகப் பேசினான். “ஐயா, தங்கள் அட்டை கடைகளில் அடிக்கடி உபயோகமாகியிருக்கிறது. இன்றிரவுக்குள் சரிபார்க்காவிட்டால் முடக்கப்படும்” என்றான். தெருவே நம்பிய வதந்தியை பாங்கி அதிகாரியே உறுதிப்படுத்துவதாக அவருக்குத் தோன்றிற்று. அட்டையின் பதினாறு இலக்கங்களைச் சொன்னார். பின்புறத்து மூன்று இலக்கங்களைச் சொன்னார். கைப்பேசியில் வந்த ஓ.டி.பி.-யையும் படித்துக் காட்டினார். ரூ. 18,400-உம் போயிற்று. வீட்டில் சொல்ல வெட்கி ஆறு நாள் மறைத்தார். ஏழாம் நாள்தான் நம்மிடம் வந்து, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இப்படிப் பேசுகிறவர்கள் நம் பேராசையை நம்புவதைவிட நம் அச்சத்தையே அதிகம் நம்புகிறார்கள். ‘பரிசு விழுந்தது’ என்றால் பத்துப் பேரில் ஒருவர் செவிசாய்ப்பார். ‘உங்கள் கார்டு பிளாக் ஆகிவிட்டது’ என்றால் பத்துப் பேரும் நின்று கேட்பார்கள். மெய்யான பாங்கி, ‘இச்செலவைச் செய்தீர்களா’ என்று கேட்கும். ஆம், இல்லை என்ற விடையோடு அதன் வேலை தீர்ந்தது. ரகசிய எண்ணையோ, ஓ.டி.பி.-யையோ, பின்புறத்து மூன்று இலக்கங்களையோ ஒருகாலும் கேளாது. பாங்கிகள் கணக்கு பற்றிப் பேசும் டெலிபோன்களை 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தே பேசவேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் பாங்கி பணித்திருக்கிறது. ஆயினும் எண்ணைப் பார்த்து நம்புவதைவிட, பேச்சை நிறுத்திவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நாமே பேசுவது மேல். அட்டை மெய்யாகவே நின்றிருந்தால், ஒரு மணி நேரம் தாமதித்துப் பேசுவதால் எதுவும் கெட்டுப்போகாது.

பணம் போய்விட்டாலோ, தாமதம் ஒவ்வொரு மணியும் கெடுதல். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசவேண்டும். இணையவழி மோசடிப் பணத்தை வழியிலேயே மறிப்பதற்கென நாடெங்கும் உள்ள எண் அது. பணம் திருடனின் கைக்கு ரொக்கமாகச் சேருமுன் இடைக்கணக்கில் நிற்கும்போதுதான் அதை மறிக்க முடியும். உடன் பாங்கிக்கும் தெரிவித்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரிசர்வ் பாங்கி 2017 ஜூலையில் வர்த்தகப் பாங்கிகளுக்கும், அவ்வாண்டு டிசம்பரில் கூட்டுறவுப் பாங்கிகளுக்கும் வகுத்த விதி இது: நம் பேரிலும் பாங்கி பேரிலும் குற்றமில்லாமல் மூன்றாமவன் செய்த திருட்டை, பாங்கியின் செய்தி கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு நஷ்டம் ஏதுமில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் தெரிவித்தால் ஓர் அளவுக்குட்பட்ட நஷ்டமே நம்மைச் சேரும். ஆனால் ரகசியத்தை நாமே சொல்லிக் கொடுத்திருந்தால், பாங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனதெல்லாம் நம் பொறுப்பு; தெரிவித்த பின் போவது பாங்கியின் பொறுப்பு. பாங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியற்றதாயிருந்தாலோ, ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம்.

நம் அங்கத்தினருக்காக அன்றே 1930-க்குப் பேசினோம்; பாங்கிக்கும் எழுதினோம். ஆறு நாளில் பணம் எங்கெங்கோ கைமாறிவிட்டது. இதுவரை ஒன்றும் திரும்பவில்லை. மகளின் கட்டணத்துக்குச் சங்கத்தின் நெருக்கடிக் கடனிலிருந்து தொகை கொடுத்து, பத்துத் தவணையில் கூலியில் பிடித்துக்கொள்ள நிர்வாகக் குழு இசைந்தது. டிரங்குப் பெட்டியிலிருந்த ரொக்கத்தை அவர் மீண்டும் கணக்கில் போட்டுவிட்டார். மளிகைக் கடையில் இப்பொழுது அட்டையைக் காட்டுகிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் சீட்டைக் கேட்டு வாங்கி, எண்ணைப் பார்க்கிறார் என்று கடைக்காரர் சொல்லுகிறார்.

61 என்று அச்சான கோயம்புத்தூர்ச் சீட்டை, அட்டையின் இலக்கங்களை மறைத்து, அலுவலகத்தில் நூல் வழங்கும் ஜன்னலுக்கு அருகில் ஒட்டிவைத்திருக்கிறோம். அதன்கீழ் மேற்சொன்ன எண்களும் அவற்றின் பொருளும் பெரிய எழுத்தில் எழுதப்பட்டுள்ளன. பிரதி வேண்டுவோர் அலுவலக நேரத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.